நகத்தளவில் ஒரு வண்டு: மொபைல் புதிர் விளையாட்டுக்குப் பூச்சிக் கதாபாத்திரங்களை உருவாக்குவது எப்படி?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பல ஆண்ட்ராய்டு போன்களில் திரையின் அகலம் சுமார் 360 டிபி (பிக்சல் அடர்த்தி மாறினாலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும்படி வைத்த அலகு). இரண்டு ஓரத்திலும் 8 டிபி விட்டால் மீதி 344. அதில் எட்டுப் பத்திகள் கொண்ட பலகையை வைத்தால் ஒரு காய்க்குக் கிடைப்பது 43 டிபி. ஏழு பத்திகள் என்றால் 49. விரல் தவறாமல் தொடுவதற்கு ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் அளவு 48 டிபி, ஆப்பிள் பரிந்துரைப்பது அதே மாதிரியான தன் அலகில் 44 பாயிண்ட். ஆக, நீங்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து வரையப்போகும் வண்டு, விளையாடுகிறவர் கண்ணுக்குக் கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். தொடும் நேரத்தில் அந்த விரலே அதை மறைத்தும்விடும்.

பூச்சி என்றதும் பலரும் பெரிய கேன்வாஸைத் திறந்து, ரோமம், கால் முள், இறக்கை நரம்பு எல்லாம் வைத்து ஆசை ஆசையாக வரைந்துவிடுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் வரைந்தேன். பலகையில் வைத்துப் பார்த்தால் ஒரு பழுப்புப் புள்ளி, அவ்வளவுதான். புதிர் விளையாட்டில் ஒரு காய், பார்த்த மாத்திரத்தில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: நான் யார்? என்னைத் தொட்டால் என்ன நடக்கும்? பூச்சிகளைப் பொறுத்தவரை இது நமக்கு வாய்த்த வரம். அவற்றின் உடம்பே அவை செய்யும் வேலைக்கேற்ப அமைந்தது. நிஜப் பூச்சி எதைச் செய்து பிழைக்கிறதோ, அதையே விளையாட்டின் விதியாக்குங்கள். அந்த வேலையைச் செய்யும் உறுப்பையே அதன் அடையாளமாக்குங்கள். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒன்றைச் சுற்றித்தான் போகும்.

படி 1: பூச்சியைத் தேர்ந்தெடுக்கும் முன் வினைச்சொற்களை எழுதுங்கள்

பென்சிலை எடுக்கும் முன் விளையாட்டு வடிவமைப்பாளரோடு உட்காருங்கள். தனியாகச் செய்கிறீர்கள் என்றால் உங்களோடு நீங்களே உட்காருங்கள். பலகையில் என்னென்ன நடக்கும் என்பதை வினைச்சொற்களாக எழுதுங்கள்: தள்ளு, தாவு, வெடி, இழு, ஒளியூட்டு, மறை, வளர். ஒவ்வொரு வினைக்கும் அதை நிஜமாகவே செய்யும் ஒரு பூச்சியைத் தேடுங்கள்.

'இழு' என்ற வினைக்குக் குழிநரி இருக்கிறது. மணலில் கூம்பு மாதிரிக் குழி பறித்து, அடியில் தாடைகளை விரித்துக் காத்திருக்கும் இளம்புழு அது. விளிம்பில் எறும்பு கால் வைத்தால் மணல் சரிந்து உள்ளே வந்துவிடும். ஏறித் தப்பிக்கப் பார்த்தால் கீழிருந்து மணலை வாரி எறியும். இதை அப்படியே விதியாக்கலாம்: குழிநரி இருக்கும் கட்டத்துக்கு நான்கு பக்கமும் உள்ள காய்கள் ஒரு கட்டம் உள்ளே சரியும். விளக்கம் எழுத வேண்டிய தேவையே இல்லை. கூம்புக் குழியும் இரண்டு தாடையும் தெரிந்தால் போதும்.

'வெடி' என்றால் குண்டுவீச்சு வண்டு. இதன் வயிற்றுக்குள் சேர்த்து வைத்த வேதிப்பொருள்கள், ஒரு தனி அறையில் நொதிகளோடு கலந்ததும் கிட்டத்தட்ட 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் 'பட்' என்ற சத்தத்தோடு பீய்ச்சியடிக்கும். வயிற்று நுனியைத் திருப்பிக் குறிபார்க்கவும் முடியும். சுற்றிலும் வெடிக்கும் சாதாரணக் குண்டைவிட, ஒரு திசையில் மட்டும் வரிசையைத் துடைக்கும் காய்க்கு இது பொருத்தம். வால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வெடி.

'வளர்' என்ற வினையில் கொஞ்சம் கவனம் தேவை. பட்டாம்பூச்சிக்கு முட்டை, கம்பளிப்புழு, கூட்டுப்புழு, வளர்ந்த பூச்சி என நான்கு நிலைகள். மூன்று முறை இணைத்தால் அடுத்த நிலை என்ற விதிக்கு அச்சு வார்த்த மாதிரி இருக்கும். ஆனால் வெட்டுக்கிளிக்குக் கூட்டுப்புழு நிலையே கிடையாது. அதன் குஞ்சுகள் இறக்கை முளைக்காத குட்டி வெட்டுக்கிளிகளாகவே இருந்து, தோலுரித்துத் தோலுரித்துப் பெரிதாகும். அதற்குப் போய் ஒரு கூடு வரைந்துவிடாதீர்கள். பூச்சிகளை நேசிக்கும் குழந்தை ஒன்று நிச்சயம் கண்டுபிடித்துவிடும்.

ஆறு முதல் எட்டு வகைகள் போதும். அதற்கு மேல் போனால் பலகையில் யாருக்கும் தனி அடையாளம் இருக்காது.

படி 2: உடம்பைப் படியுங்கள்

கார்ட்டூன்தானே என்று இந்தப் படியைத் தாண்டாதீர்கள். எதை மிகைப்படுத்துவது, எதை விடுவது என்று தெரிய வேண்டுமானால் எது எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள். ஆறு கால்களும் மார்பிலிருந்துதான் கிளம்பும், இறக்கைகளும் அப்படியே. வயிற்றிலிருந்து கால் முளைத்த எறும்பைப் பார்க்கும்போது, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று கண் உணரும். சின்ன அளவில் ஆறு கால்களும் நெரிசலாகத் தெரிந்தால் நான்காகக் குறைப்பதில் தவறில்லை. ஆனால் குறைத்தால் எல்லாப் பூச்சிகளுக்கும் குறையுங்கள். ஒன்றுக்கு ஆறு, இன்னொன்றுக்கு நான்கு என்று இருந்தால் அது பிழையாகத்தான் படும். எட்டுக் கால் சிலந்தி பூச்சி இனமே இல்லை என்பதால், அதை வேறு அணியாக, தடையாகவோ எதிரியாகவோ வைப்பது நல்லது.

இறக்கையும் உணர்கொம்பும் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் அடையாளங்கள். ஈக்கு இரண்டே இறக்கை. பின்னிறக்கைகள் சுருங்கிச் சமநிலை காக்கும் சிறு குமிழ்களாகிவிட்டன. தேனீக்கு நான்கு. வண்டின் முன்னிறக்கை கெட்டியான மூடி. பறக்கும்போதுதான் அதைத் திறந்து உள்ளே மடித்து வைத்த மெல்லிய இறக்கையை விரிக்கும். பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குண்டூசித் தலை போலத் தடித்திருக்கும்; பல அந்துப்பூச்சிகளுக்கு இறகு மாதிரி இருக்கும். உட்காரும்போது பட்டாம்பூச்சி பெரும்பாலும் இறக்கைகளை மேலே சேர்த்து நிறுத்தும், அந்துப்பூச்சி தட்டையாகவோ கூரை போலவோ பரப்பி வைக்கும். தட்டான் உட்கார்ந்த பிறகும் இறக்கைகளை விரித்தே வைத்திருக்கும்.

படங்களை மட்டும் பார்த்து வரையாதீர்கள். ஒரு எறும்பையோ பொறிவண்டையோ பத்து நிமிடம் உயிரோடு பாருங்கள். அது எதில் தயங்குகிறது, எப்போது உணர்கொம்பைத் துடைத்துக்கொள்கிறது என்பதெல்லாம் படத்தில் இருக்காது. பின்னால் அனிமேஷனுக்கு அதுதான் கைகொடுக்கும்.

படி 3: கறுப்பு மட்டும்

இனி வரையலாம். நிறம், கண், கோடு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பூச்சிக்கும் வெறும் கறுப்பு நிழலுருவமாக இருபது சின்ன ஸ்கெட்ச் போடுங்கள். பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் 48 பிக்சலுக்குச் சுருக்கி ஒரே வரிசையில் வையுங்கள். அறையின் மறுமூலையிலிருந்து பாருங்கள். இரண்டு காய்கள் குழம்பினால் அதில் ஒன்று மாறியே ஆக வேண்டும். நிறம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள், ஆகாது.

ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு அடிப்படை வடிவத்தை எழுதிக்கொடுத்துவிடுவது என் வழக்கம். பொறிவண்டுக்கு வட்டம், அந்துப்பூச்சிக்கு முக்கோணம், தட்டானுக்குச் சிலுவை, எறும்புக்கு இடுப்பு ஒடுங்கிய உடுக்கை, கம்பளிப்புழுவுக்கு வில், வெட்டுக்கிளிக்கு மடிந்த பின்னங்கால் தரும் கூர்மையான மலை முகடு. சிக்கல் வண்டுகளில்தான். பொன்வண்டு, பொறிவண்டு, சாணவண்டு எல்லாமே அடிப்படையில் முட்டைதான். எனவே வண்டுகளை இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டும் என்றால் உடம்பை விட்டுவிட்டு வெளியே நீளும் ஏதாவது ஒன்றைப் பெரிதாக்குங்கள். காண்டாமிருக வண்டுக்குக் கொம்பு, சாணவண்டுக்கு உருண்டை.

இதே கட்டத்தில் பார்வைக் கோணத்தையும் முடிவு செய்துவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் தட்டானும் வண்டும் அழகு. வெட்டுக்கிளியும் கும்பிடுபூச்சியும் குச்சியாகிவிடும். பக்கவாட்டில் பார்த்தால் நேர் எதிர். மின்மினிக்கு இன்னொரு தொல்லை: ஒளி உறுப்பு வயிற்றின் அடிப்பக்கம் இருப்பதால், மேலிருந்து பார்த்தால் அதன் முக்கியமான விஷயமே மறைந்துவிடும். முக்கால்வாசிக் கோணம், அதாவது உடம்பு சற்றுச் சாய்ந்து முகம் நம் பக்கம் திரும்பிய நிலை, பெரும்பாலான பூச்சிகளுக்குச் சரிப்பட்டு வரும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லாக் காய்களுக்கும் அதே கோணம், அதே ஒளித் திசை.

படி 4: முகமும் பயமும்

பூச்சியைக் கண்டாலே உடம்பு கூசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் விளையாட வேண்டும். கூச்சம் வரவைப்பவை எவை என்று பார்த்தால், மெல்லிய கால்கள் பல ஒரே நேரத்தில் அசைவது, திடீரென்று விருட்டென ஓடுவது, ஈரப் பளபளப்பு, ரோமம், கூட்டமாக மொய்ப்பது. இவற்றைக் குறைத்தாலே போதும், பூச்சியைப் பொம்மையாக்க வேண்டியதில்லை. கால்களைக் கொஞ்சம் தடிமனாக்கிக் குட்டையாக்குங்கள். நகரும் முன் ஒரு சின்னத் தயக்கம் கொடுங்கள்.

குழந்தை முகச் சாயல் நம்மை ஏன் இளக்குகிறது என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார்: பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே பெரிய கண்கள். பூச்சிக்கும் இது பலிக்கும். தலையை உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்து கண்ணைக் கீழே இறக்கினால் குளவிகூட மென்மையாகிவிடும். ஆனால் மனிதக் கண்ணை அப்படியே ஒட்டாதீர்கள். வெள்ளை விழியும் இமையும் வைத்தால் எல்லாப் பூச்சியும் ஒரே மாதிரி ஆகிவிடும். பல நுண்கண்கள் சேர்ந்த பூச்சியின் கூட்டுக்கண்ணைப் பெரிய, அடர்ந்த ஒற்றை வடிவமாக வைத்து ஒரே ஒரு ஒளிப்புள்ளி கொடுங்கள். கும்பிடுபூச்சியின் கண்ணில் நிஜமாகவே ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது நம்மையே பார்ப்பது போலிருக்கும். ஒளி உண்டாக்கும் தோற்றம்தான் அது. ஆனால் நமக்கு இயற்கையே வரைந்து கொடுத்த பாவை.

அப்புறம், உணர்ச்சி. நகத்தளவு முகத்தில் வாய் தெரியாது. பூச்சியின் தாடை வேறு பக்கவாட்டில் அசையும், நம் வாய் போல மேலும் கீழும் அல்ல. அதில் புன்னகை வரைந்தால் பொருந்தாது. புருவத்தின் வேலையை உணர்கொம்புக்குக் கொடுங்கள். இரண்டும் முன்னால் நீண்டால் ஆர்வம், பின்னால் படிந்தால் பயம், ஒன்று மட்டும் மடங்கினால் குழப்பம், தொங்கினால் சோர்வு. நிழலுருவத்தில்கூட இது தெரியும் என்பதுதான் இதன் பெரிய பலம்.

படி 5: நிறம்

சிவப்புப் பொறிவண்டும் பச்சைப் பொன்வண்டும் கொண்ட ஒரு பலகையை ஒரு நண்பரிடம் கொடுத்தேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றி இணைக்கப் பார்த்தார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. அன்றுதான் படத்தைக் கறுப்புவெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். எனக்கும் இரண்டும் ஒரே சாம்பல். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு நிறக்குறைபாடு உண்டு. மற்ற மக்களிடையே விகிதம் மாறினாலும் எங்கும் இல்லாமலில்லை. எனவே நிறத்தைத் தேர்வு செய்யும்போது முதலில் வெளிச்ச அளவைப் பிரியுங்கள்: மஞ்சள் தேனீ வெளிர், பொன்வண்டு நடுத்தரம், எறும்பு அடர்த்தி. அதன் மேல்தான் நிறம். பொறிவண்டின் புள்ளிகள், தேனீயின் பட்டைகள் போன்ற கோலங்களும் துணைக்கு வரட்டும்.

பூச்சிகளுக்கு நிறமும் ஒரு மொழி. மஞ்சள்-கறுப்பு, சிவப்பு-கறுப்பு இரண்டும் இயற்கையில் 'என்னைத் தொடாதே' என்ற எச்சரிக்கை. ஆபத்தான காய்களுக்கு இதை ஒதுக்கி வையுங்கள். இதற்குள் ஒரு அருமையான புதிரும் ஒளிந்திருக்கிறது. மலர் ஈக்கள் கொட்டவே கொட்டாது. ஆனால் பல மலர் ஈக்கள் குளவியின் பட்டைகளைப் போட்டுக்கொண்டு பயமுறுத்தும். முப்பதாவது லெவலில் குளவிகளுக்கு நடுவே ஒரு மலர் ஈயை வையுங்கள். அதற்கு இரண்டே இறக்கை, குட்டை உணர்கொம்பு, ஒடுங்காத இடுப்பு. இதைக் கவனித்தவருக்கு வழி திறக்கும். ஆனால் ஒன்று: இந்த வித்தியாசங்கள் சின்ன அளவிலும் தெரியும்படி முதல் நாளே குளவியின் இடுப்பை நன்றாக ஒடுக்கி, உணர்கொம்பை நீளமாக வரைந்திருக்க வேண்டும். தெரியாததை மறைத்து வைப்பது புதிர் ஆகாது.

பொன்வண்டின் மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை, ஓட்டின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிறது. அதனால்தான் திருப்பினால் நிறம் மாறும். பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்குப் போகும் ஒரு சாய்வை ஓட்டின் மேல் மெதுவாக நகர்த்தினால் அந்த உணர்வு வந்துவிடும்.

பலகையின் பின்னணி இலைப்பச்சை வேண்டாம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், ஆனால் பாதிப் பூச்சிகளை அது விழுங்கிவிடும். மங்கலான மண் நிறமோ அந்திநேர நீலமோ நன்றாக ஏந்திக்கொள்ளும்.

படி 6: ஒரு சாணவண்டை முழுசாக

இதுவரை சொன்னதை ஒரே காயில் பார்ப்போம். வினை: தள்ளு. சாணவண்டு தலையைத் தரையில் கவிழ்த்து, முன்னங்கால்களை ஊன்றி, பின்னங்கால்களால் உருண்டையைப் பின்னோக்கி உருட்டும். புறப்படும் முன் சில நேரம் உருண்டையின் மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றித் திசை பார்த்துக்கொள்ளும். சூரியன், நிலா ஒளி மட்டுமல்ல, பால்வெளியின் ஒளிப்பட்டையை வைத்தும் ஒரு வகைச் சாணவண்டு நேர்க்கோட்டில் போகிறது என்று 2013இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஒரு காயின் முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அது போகும் என்று விளையாடுகிறவர் நினைப்பார். இதுவோ முதுகுப் பக்கம் போகிறது. வண்டைத் திருப்பி முகத்தால் தள்ள வைக்கலாம் என்ற யோசனை வரும். வேண்டாம். அந்தப் பின்னோக்கிய தள்ளல்தான் இந்த வண்டின் ஆன்மா. பதிலாக, உருண்டையை உடம்பைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, போகும் திசையில் வையுங்கள். கண் முதலில் உருண்டையைத்தான் பார்க்கும், அதையே திசையாக எடுத்துக்கொள்ளும். காயைத் தொட்டதும் வண்டு உருண்டையில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றட்டும்; 'எந்தப் பக்கம்?' என்று கேட்பது போலிருக்கும். திசை இழுத்ததும் இறங்கித் தலைகீழாகத் தள்ளட்டும். எதிரே தடை இருந்தால் உருண்டை அரைக் கட்டம் நகர்ந்து திரும்ப, வண்டு உட்காரட்டும். இரவு லெவல்களில் வானத்தில் ஒரு வெள்ளைப் பட்டை வரைந்து, அது தெரியும்போது மட்டும் வண்டு நேராகப் போகும் என்று வைத்தால் இன்னும் பத்துப் புதிர்கள் பிறக்கும்.

படி 7: அசைவு

ஒரு காய்க்கு ஐந்து நிலைகள் போதும்: சும்மா இருப்பது, தொட்டது, நகர்வது, முடியாது என்பது, பலகையை விட்டுப் போவது.

நடைக்கு இயற்கையே சூத்திரம் தந்திருக்கிறது. எறும்பு நடக்கும்போது ஒரு பக்கத்தின் முன், பின் கால்களும் மறுபக்கத்தின் நடுக்காலும் தரையில் இருக்கும். மற்ற மூன்றும் முன்னே போகும். பிறகு மாறும். எப்போதும் ஒரு முக்காலி நிற்பதால் ஆட்டமே இருக்காது. இரண்டு முக்கிய நிலை, நடுவில் இரண்டு இடைநிலை, மொத்தம் நான்கே ஃப்ரேமில் நம்பும்படியான நடை கிடைத்துவிடும்.

'சும்மா இருப்பது' என்ற நிலையில்தான் பலர் சறுக்குகிறார்கள். 49 காய்களும் ஒரே நேரத்தில் உணர்கொம்பை ஆட்டினால் பலகை மொய்க்கத் தொடங்கிவிடும், கண்ணும் வலிக்கும். ஒரு சமயத்தில் இரண்டு மூன்று காய்கள் மட்டும், ஒழுங்கில்லாத இடைவெளியில் அசையட்டும். மின்மினியின் ஒளி ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது. ஒளிக்கூச்ச வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் ஒளி பார்க்கவும் இதமாக இருக்கும்.

இணைந்த காய்கள் எப்படிப் போகின்றன என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நசுக்காதீர்கள். வண்டு மூடியைத் திறந்து பறக்கட்டும், எறும்பு வரிசையில் போகட்டும், வெட்டுக்கிளி ஒரே தாவில் திரைக்கு வெளியே போகட்டும். ஒரு ஆட்டத்தில் நூறு முறை பார்க்கப்போகும் காட்சி அது. ஓடு திறக்கும் அந்தச் சின்னத் தாமதம் விரலுக்குத் தரும் திருப்தியை எந்த வெடிப்பும் தராது.

படி 8: கோப்புகள்

திரையில் 49 டிபி என்றால் அடர்த்தி அதிகமான போன்களில் 147 முதல் 196 பிக்சல் வரை வரும். ஒரு ஃப்ரேமை 256 பிக்சலில் ஏற்றுமதி செய்தால் போதும். 2048க்கு 2048 அளவுள்ள ஒரு அட்லஸில், அதாவது பல படங்களை அடுக்கி வைத்த ஒரே படக்கோப்பில், இப்படி 64 ஃப்ரேம்கள்தான் அடங்கும். சுருக்காமல் வைத்தால் அது மட்டுமே 16 எம்பி நினைவகம். ஏஎஸ்டிசி என்ற படச் சுருக்க முறையில், 4க்கு 4 பிக்சல் கட்டங்களாகச் சுருக்கினால் 4 எம்பி. ஆறு பூச்சி, ஐந்து நிலை என்று ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்தால் அட்லஸ் உடனே நிரம்பிவிடும். எனவே தலை, கண், உணர்கொம்பு, கால், ஓடு, உள்ளிறக்கை என்று தனித்தனி லேயராக வரைந்து எலும்பு ரிக் போடுங்கள், அதாவது துண்டுகளை எலும்புக்கூடு மாதிரி மூட்டுகளில் இணைத்து அசையுங்கள். பூச்சிகள் இயல்பிலேயே கணுக்கணுவான உடம்பு கொண்டவை. மூட்டில் சுழற்சிப் புள்ளியை வைத்தால் கச்சிதமாக அசையும். துண்டுகளுக்கு நடுவே நான்கு பிக்சல் இடைவெளி விடுங்கள், ஓரத்தில் பக்கத்துப் படத்தின் நிறம் கசியாது.

படி 9: போனில், வேறொருவர் கையில்

கணினித் திரையில் ஒப்புதல் கொடுக்காதீர்கள். விலை குறைந்த பழைய போன் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து ஒரு முறை, வெயிலில் ஒரு முறை பாருங்கள். பிறகு இதுவரை விளையாட்டைப் பார்க்காத ஐந்து பேரிடம், விதிகளைச் சொல்லாமல் பலகையைக் காட்டுங்கள். 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஒவ்வொரு காயையும் சுட்டி, 'இது என்ன செய்யும்னு நினைக்கிறீங்க?' என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர்கள் விரல் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் கவனியுங்கள்.

ஐந்தில் மூன்று பேராவது சரியாகச் சொன்னால் அந்தக் காயை விட்டுவிடலாம். இல்லையென்றால் நிறத்தையோ பளபளப்பையோ தொடாதீர்கள். படி மூன்றுக்குத் திரும்பிப் போய், அந்த வேலையைச் செய்யும் உறுப்பைக் கறுப்பிலேயே இன்னும் கால் பங்கு பெரிதாக்கி, மறுபடியும் அறையின் மறுமூலையிலிருந்து பாருங்கள்.